மேரோ டெஸ்ட்: பயத்துக்கு ஒரு மருந்து, வலிக்கு வேறு மருந்து

“மேரோ எடுக்கணும்” என்று, எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜையை ஊசியால் எடுத்துச் சோதிப்பதைப் பற்றி டாக்டர் சொல்லிவிட்டுப் போன அரை மணி நேரத்துக்குள், பக்கத்துக் கட்டிலில் இருப்பவரோ ஊரிலிருந்து பார்க்க வந்தவரோ சொல்வது அநேகமாக ஒன்றுதான்: “முதுகுத்தண்டுல ஊசியை இறக்கி உறிஞ்சுவாங்களாம், உசுரே போயிடுமாம்.” இதில் முதல் பாதி முழுத் தவறு. இரண்டாம் பாதியில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. அந்தக் கொஞ்சத்தை மறைத்து, “ஒண்ணும் தெரியாது, எறும்பு கடிச்ச மாதிரிதான்” என்று நோயாளியைப் படுக்க வைப்பதும் தவறுதான். வலி வருகிற நொடியில் நம்பிக்கை உடைந்துவிடும். ரத்தப் புற்றுநோய்க்காரர்களுக்கு இந்தப் பரிசோதனை ஒருமுறையோடு முடிவதில்லை. அடுத்த முறை அவர் இரண்டு மடங்கு பயத்தோடு வருவார்.

முதலில் இடத்தைத் தெரிந்துகொள்வோம். இரு கைகளையும் இடுப்பில் ஊன்றிக்கொண்டு கட்டை விரல்களைப் பின்பக்கம் நகர்த்தினால், பிட்டத்துக்குச் சற்று மேலே, நடுக்கோட்டுக்கு இரு புறமும் ஒரு எலும்பு மேடு தட்டுப்படும். பலருக்கு அங்கே தோலில் சின்னப் பள்ளம்கூடத் தெரியும். இடுப்பெலும்பின் பின்முனை அது. ஊசி இறங்குவது அங்கேதான். பெரியவர்களுக்குத் தண்டுவடம் இடுப்பு முள்ளெலும்புகளில் முதலாவது, இரண்டாவது எலும்பு மட்டத்திலேயே முடிந்துவிடுகிறது. ஊசி இறங்கும் இடமோ அதற்கு வெகு கீழே, பக்கவாட்டில், வேறொரு எலும்பில் இருக்கிறது. “கால் விளங்காமப் போயிடுமா?” என்ற கேள்வி எழுவது இதை முதுகில் நீர் எடுக்கும் பரிசோதனையோடு சேர்த்துக் குழப்பிக்கொள்வதால்தான். ரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சையில் சில நாட்களில் இரண்டையும் ஒரே அறையில் அடுத்தடுத்துச் செய்வார்கள் என்பதால் குழப்பம் இன்னும் கூடுகிறது. ஓர் எலும்புக்கூட்டுப் படத்தில் விரல் வைத்துக் காட்ட ஒரு நிமிடம் போதும். எந்த மாத்திரையும் தராத அளவுக்கு அது பயத்தைக் குறைக்கிறது.

“சத்தெல்லாம் போயிடுமே” என்பது இன்னொரு கவலை. உறிஞ்சி எடுக்கும் மஜ்ஜைத் திரவம் எல்லாக் குழாய்களுக்கும் சேர்த்தே பெரும்பாலும் 10 மி.லி.க்குள் அடங்கிவிடும், அதாவது இரண்டு தேக்கரண்டி. உருவவியல், அதாவது அணுக்களின் வடிவம், பார்க்க வேண்டிய முதல் உறிஞ்சலில் 1 மி.லி.க்குமேல் இழுப்பதுகூட நல்லதல்ல. ரத்தம் கலந்து நீர்த்துவிடும். அதன் பிறகு எடுக்கும் எலும்புத் துண்டு பென்சிலின் கரிக்குச்சிப் பருமனில் ஒன்றரை முதல் இரண்டு சென்டிமீட்டர் நீளம் இருக்கும். எடுத்த இடத்தை உடல் தானே நிரப்பிக்கொள்ளும்.

வலி எங்கே, எவ்வளவு நேரம்

படுக்க வைப்பதிலிருந்து கட்டுப் போடுவது வரை 20 முதல் 30 நிமிடம் ஆகும். அதில் உண்மையான வலி இருப்பது சில நிமிடங்கள்தான். ஆனால் எப்போது என்று தெரியாவிட்டால் மொத்த அரை மணி நேரமும் வலிக்காகக் காத்திருக்கும் நேரமாகிவிடும்.

முதல் கட்டம் மரப்பு ஊசி. தோலில் லிக்னோகைன் என்ற மரப்பு மருந்து இறங்கும்போது பத்துப் பதினைந்து நொடிகள் எரியும். பிறகு அதே ஊசி ஆழமாகப் போய் எலும்பைத் தொடும். அங்கே எலும்பைப் போர்த்தியிருக்கும் மெல்லிய உறைக்குள் மருந்தைச் செலுத்தும்போது இன்னொரு கூர்மையான வலி. இரண்டாம் கட்டத்தில் பெரிய ஊசி எலும்பைத் துளைக்கும். மரப்பு சரியாக இருந்தால் இங்கே வலியைவிட அழுத்தம்தான் தெரியும். யாரோ முழங்கையை இடுப்பில் ஊன்றித் திருகுவதுபோல இருக்கும். எலும்பு திடமான இளைஞர்களுக்கு டாக்டர் உடல் எடையையே போட்டு அழுத்த வேண்டியிருக்கும். அதைப் பார்த்து வெளியே நிற்பவர்கள் பதறிவிடுவார்கள். எலும்பு தேய்ந்த மூதாட்டிகளுக்கோ ஊசி வெண்ணெயில் இறங்குவதுபோல இறங்கிவிடும்.

மூன்றாவது கட்டம்தான் பெயர் கெட்டது. சிரிஞ்சை இழுத்து மஜ்ஜையை உறிஞ்சும் ஐந்து முதல் பத்து நொடிகள். இடுப்பிலிருந்து தொடை வழியாக மின்சாரம் இழுத்ததுபோல ஒரு வலி வெட்டும். சிரிஞ்சை விட்டதும் அடங்கும். எவ்வளவு லிக்னோகைன் போட்டாலும் இதை முழுதாக நிறுத்த முடியாது. காரணம் எளிது. மரப்பு மருந்து எலும்பின் வெளியே, உறையில் இருக்கிறது. மஜ்ஜைக்குள் போகும் நரம்புகளோ ரத்தக் குழாய்களோடு சேர்ந்து எலும்பின் உள்ளே இருக்கின்றன. உள்ளே திடீரென்று ஏற்படும் வெற்றழுத்தம் அவற்றைச் சுண்டியிழுக்கிறது. நான்காவது கட்டத்தில் எலும்புத் துண்டுக்காக ஊசியைத் திருகித் திருகி முன்னே செலுத்தி, அசைத்து உடைத்து எடுப்பார்கள். இது மந்தமான, கனமான வலி.

சுவீடனில் 2009இல் வெளியான ஆய்வொன்றில், மரப்பு ஊசி போட்டுச் செய்துகொண்டவர்களில் பத்துக்கு ஏழு பேர் வலி இருந்தது என்றார்கள். அவர்களில் பாதிக்குமேற்பட்டவர்களுக்கு அது நடுத்தர வலி. அதைவிடக் கவனிக்க வேண்டியது, வலி அதிகமாக இருந்தது யாருக்கு என்பது. ஏற்கனவே உடம்பில் வேறு வலி இருந்தவர்கள், ஊசிக்குப் பயந்தவர்கள், ரிசல்ட் என்ன வருமோ என்று பயந்தவர்கள். கடைசியாகச் சொன்ன பயத்துக்கு ஊசியோடு எந்தச் சம்பந்தமும் இல்லை, ஆனால் அது ஊசி வலியைக் கூட்டுகிறது.

லிக்னோகைன்: அவசரப்பட்டால் வீண்

பயத்தைக் குறைக்கும் மருந்துகளுக்குப் போகும் முன் இதைச் சொல்லியாக வேண்டும். மயக்கம் கொடுத்தும் வலித்தது என்று புகார் வரும் இடங்களில் பல சமயம் குறை மரப்பு ஊசியில்தான் இருக்கும்.

லிக்னோகைன் 2% என்றால் ஒரு மி.லி.யில் 20 மி.கி. அட்ரினலின் கலக்காத லிக்னோகைனுக்கு உச்ச வரம்பாகப் பலரும் கொள்வது உடல் எடையில் கிலோவுக்கு 4.5 மி.கி., மொத்தம் 300 மி.கி. சில நாடுகளில் கிலோவுக்கு 3 மி.கி. என்று இன்னும் இறுக்கமாக வைத்திருக்கிறார்கள். 50 கிலோ எடையுள்ளவருக்கு முதல் கணக்குப்படி 225 மி.கி., அதாவது 2% மருந்தில் ஏறத்தாழ 11 மி.லி. பெரும்பாலானவர்களுக்கு 5 முதல் 10 மி.லி. போதும். மெலிந்தவர்களுக்கும் இரண்டு பக்கமும் எடுக்க வேண்டியவர்களுக்கும் 1% மருந்து உகந்தது. அதே வரம்புக்குள் இரு மடங்கு அளவு கிடைக்கும். வரம்பு மீறினால் வாயைச் சுற்றி மதமதப்பு, நாக்கில் உலோகச் சுவை, காதில் இரைச்சல் எல்லாம் முதலில் வரும். கவனிக்காவிட்டால் வலிப்பு வரை போகும்.

அளவைவிட முக்கியம், எங்கே போடுகிறோம் என்பது. தோலுக்கும் கொழுப்புக்கும் தாராளமாகப் போட்டுவிட்டு எலும்பு உறைக்குக் கடைசித் துளியை வைப்பது வழக்கமான தவறு. மருந்தில் பாதியாவது உறைக்குப் போக வேண்டும். அதுவும் ஒரே புள்ளியில் அல்ல. ஊசி முனையை எலும்பின் மேல் சற்றே நகர்த்தி நகர்த்தி, ஒரு ரூபாய் நாணய அகலத்துக்குப் பரப்ப வேண்டும். பெரிய ஊசி நினைத்த புள்ளியில் இறங்காமல் அரை சென்டிமீட்டர் வழுக்கினால், அந்த இடம் மரத்திருக்காது.

அடுத்த தவறு பொறுமையின்மை. மருந்து போட்டதிலிருந்து மூன்று முதல் ஐந்து நிமிடம் காத்திருக்க வேண்டும். கையுறையைச் சரிசெய்து, ஸ்லைடுகளை அடுக்கி, குழாய்களில் பெயர் எழுதும் வேலையெல்லாம் அந்த இடைவெளிக்குத்தான். பிறகு ஊசி முனையால் எலும்பைத் தொட்டு, “கூர்மையா குத்துதா, அழுத்தற மாதிரி இருக்கா?” என்று கேட்க வேண்டும். கூர்மை என்றால் இன்னும் கொஞ்சம் மருந்து. நோயாளியும் இதைக் கேட்டு வாங்கலாம். “சார், இன்னும் மரக்கல” என்று சொல்வதில் கூச்சம் வேண்டியதில்லை.

எரிச்சலைக் குறைக்க ஒரு பழைய வழி உண்டு. 10 மி.லி. 1% லிக்னோகைனில் 1 மி.லி. சோடியம் பைகார்பனேட்டைப் போடுவதற்குச் சற்று முன் கலந்துகொள்வது. மருந்தின் அமிலத்தன்மை தணிவதால் தோல் எரிவது குறையும். நோயாளி கவனிக்கும் முதல் வலியே அந்த எரிச்சல்தான் என்பதால், அது லேசாகப் போனால் மீதிக்கும் தைரியம் வரும். மேலே பூசும் மரப்புக் களிம்பு குழந்தைகளுக்கு நன்றாக உதவும்; ஆனால் பிளாஸ்டிக் ஒட்டுப் போட்டு மூடி ஒரு மணி நேரம் வைத்தால்தான் வேலை செய்யும். அப்போதும் தோலளவுதான், எலும்புவரை போகாது.

மாத்திரை எதற்கு, எப்போது

பயம், வலி, நினைவு. இந்த மூன்றும் தனித்தனி. மரப்பு ஊசி வலியை மட்டும் தொடும். லோரஸெபாம், அல்பிரஸோலாம் போன்ற மாத்திரைகள் பயத்தைத் தொடும். வலியை நேராகத் தொடாது. நரம்பில் போடும் மிடஸோலாம் பயத்தையும் நினைவையும் தொடும். ஃபென்டனில் வலியைத் தொடும். “மயக்கம் கொடுப்பாங்களா?” என்ற ஒற்றைக் கேள்விக்கு ஒற்றைப் பதில் இல்லாதது இதனால்தான். எது தன்னைத் தொந்தரவு செய்கிறது என்று நோயாளி சொன்னால்தான் எந்த மருந்து என்று முடிவு செய்ய முடியும்.

தமிழ்நாட்டில் பெரியவர்களுக்குப் பெரும்பாலும் மரப்பு ஊசி மட்டும் போட்டுத்தான் எடுக்கிறார்கள். அது அலட்சியமல்ல. மயக்க ஊசி போட்டால் ஆக்சிஜன் அளவைப் பார்க்கும் கருவி, கண்காணிக்க ஒரு தனி ஆள், பிறகு படுக்க ஒரு கட்டில், அவசரத்துக்கு மூச்சுக்குழாய் போடத் தெரிந்தவர் எல்லாம் வேண்டும். மரப்பு மட்டும் என்றால் அரை மணியில் நடந்து போய்விடலாம். பெரும்பாலானோர் அப்படியே சமாளித்தும் விடுகிறார்கள். ஆனால் கேட்கவே கூடாது என்று அர்த்தமல்ல. முந்தைய முறை மிகவும் வலித்தது, ஊசியைக் கண்டாலே மயங்கி விழுவார், அசையாமல் படுக்க முடியாது என்றால், முந்தைய நாளே சொல்ல வேண்டும். அறைக்குள் போன பிறகு கேட்டால் ஏற்பாடு செய்ய யாராலும் முடியாது.

லோரஸெபாம் 1 மி.கி. மாத்திரையைப் பரிசோதனைக்கு ஒரு மணி முதல் ஒன்றரை மணி நேரம் முன்பு விழுங்க வேண்டும், அல்பிரஸோலாம் 0.25 அல்லது 0.5 மி.கி. என்றால் ஒரு மணி முன்பு. அறை வாசலில் பெயர் கூப்பிடும்போது விழுங்குபவர்கள் உண்டு. பரிசோதனை பயத்தோடே முடியும். வீட்டுக்குப் போகும் ஆட்டோவில் மாத்திரை வேலையைக் காட்டும். குளியலறையில் தடுமாறி விழுவார்கள். ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் 20 ஆயிரத்தில் இருப்பவர் விழுவது சின்ன விஷயமல்ல. இன்னொன்று: சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட்ட பிறகே மாத்திரை. மாத்திரை வேலை செய்யும்போது வாங்கிய சம்மதத்துக்கு மதிப்பில்லை. வீட்டில் வேறு யாருக்கோ எழுதிக்கொடுத்த தூக்க மாத்திரையை எடுத்து விழுங்கிவிட்டு வருவது எல்லாவற்றையும்விட ஆபத்து, அதிலும் அதைச் சொல்லாமல் இருப்பது. உள்ளே மிடஸோலாமும் சேர்ந்துவிட்டால் மூச்சு மந்தமாகிவிடும்.

மிடஸோலாமும் ஃபென்டனிலும்

கையில் வென்ஃப்ளான் என்ற மெல்லிய குழாய் போட்டு நரம்பில் செலுத்தும் மிடஸோலாம்தான் பெரியவர்களுக்கு அதிகம் பயன்படும் மயக்க மருந்து. 60 வயதுக்குக் கீழே ஆரோக்கியமானவருக்கு 1 மி.கி.யில் தொடங்கி, முதல் தவணையில் 2.5 மி.கி.யைத் தாண்டாமல், குறைந்தது இரண்டு நிமிடமாக மெல்லச் செலுத்துவார்கள். இரண்டு நிமிடமாவது பொறுத்துப் பார்த்த பிறகே அடுத்த அரை மி.கி. அல்லது 1 மி.கி. மொத்தம் 5 மி.கி.க்குமேல் தேவைப்படுவது அரிது. 60 வயதைத் தாண்டியவர்களுக்கு முதல் தவணை 1.5 மி.கி.க்குள், மொத்தமும் 3.5 மி.கி.க்குமேல் பொதுவாக வேண்டியிருக்காது. இந்த மருந்து ஒரு மி.லி.யில் 1 மி.கி., ஒரு மி.லி.யில் 5 மி.கி. என இரண்டு அடர்த்திகளில் வருகிறது. லேபிளைப் படிக்காமல் “2 மி.லி.” என்று எடுத்தால் 2 மி.கி. போக வேண்டிய இடத்தில் 10 மி.கி. போய்விடும். அதனால்தான் நல்ல குழுக்களில் எல்லோரும் மி.லி. கணக்கைவிட்டு மி.கி. கணக்கில் மட்டுமே உரக்கப் பேசுவார்கள்.

மிடஸோலாம் வலியைக் குறைப்பதில்லை. மருந்து ஏறிய பிறகு நடப்பதை மூளை பதிவு செய்யாமல் தடுக்கிறது. நோயாளி உறிஞ்சும் நேரத்தில் முகம் சுளிப்பார், முனகுவார், “அம்மா” என்று கத்தக்கூடச் செய்வார், பத்து நிமிடம் கழித்துக் கேட்டால் “எப்ப ஆரம்பிப்பீங்க?” என்பார். திரைக்கு வெளியே அந்தச் சத்தத்தைக் கேட்ட மனைவிக்கும் மகனுக்கும் மட்டும் நினைவு இருக்கும். அவர்களிடம் முன்கூட்டியே இதைச் சொல்லிவைப்பது நல்லது. வலி நினைவில் இல்லை என்பதால் மரப்பு ஊசியைக் குறைத்துவிடலாம் என்று நினைப்பது நியாயமும் இல்லை, பலனும் இல்லை. வலித்தால் உடல் துள்ளும், ஊசி வழுக்கும், துண்டு உடையும். இன்னொரு விசித்திரமும் நடக்கும். முதியவர்கள் சிலருக்கும் குழந்தைகள் சிலருக்கும் இந்த மருந்து அமைதிக்குப் பதில் படபடப்பைக் கிளப்பிவிடும். எழுந்து உட்காரப் பார்ப்பார்கள். அப்போது இன்னும் கொஞ்சம் மிடஸோலாம் போடுவது நிலைமையை மோசமாக்கும்.

வலிக்காகத் தனியே சேர்ப்பது ஃபென்டனில். 25 முதல் 50 மைக்ரோகிராம், எலும்பைத் துளைப்பதற்கு மூன்று முதல் ஐந்து நிமிடம் முன்பு. நம் ஊரில் கிடைக்கும் 2 மி.லி. ஆம்பூலில் 100 மைக்ரோகிராம் இருக்கும், ஆகவே முழு ஆம்பூலையும் ஏற்ற வேண்டியதில்லை. தனித்தனியே பாதுகாப்பான அளவில் இருக்கும் இரண்டு மருந்துகள் சேரும்போது மூச்சை அடக்குவது கூட்டல் கணக்கில் நடப்பதில்லை, பெருக்கலில் நடக்கும். எனவே இரண்டும் சேர்ந்தால் இரண்டையும் குறைக்க வேண்டும். விரலில் மாட்டும் கருவி ஆக்சிஜன் அளவைக் காட்டும். ஆனால் மூக்கில் ஆக்சிஜன் ஓடிக்கொண்டிருக்கும்போது மூச்சு நின்று ஓரிரு நிமிடம் ஆன பிறகே அந்த எண் இறங்கத் தொடங்கும். கண்காணிப்பவர் திரையைவிட நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்க்க வேண்டும். ஊசி போடும் டாக்டரே இதையும் பார்த்துக்கொள்ள முடியாது. முறிமருந்துகளான ஃப்ளூமஸெனிலும் நலாக்ஸோனும் அறையிலேயே இருக்க வேண்டும். ஃப்ளூமஸெனில் கொடுத்து விழித்தவரை உடனே அனுப்பிவிடக் கூடாது. அதன் வேலை மிடஸோலாமின் வேலைக்கு முன்பே முடிந்துவிடும், மீண்டும் தூங்கிவிடுவார்.

ரத்த நோயாளிகளுக்கே உரிய சிக்கல்கள்

பொதுவான மயக்கக் குறிப்புகளில் இல்லாத, ஆனால் ரத்தவியல் வார்டில் மட்டும் அடிக்கடி எதிர்ப்படும் விஷயங்கள் சில உண்டு.

ஒன்று, பூஞ்சை மருந்துகள். வெள்ளையணுக்கள் குறைந்தவர்களுக்கு வோரிகொனஸோல், போஸகொனஸோல், இட்ரகொனஸோல் போன்றவை வாரக்கணக்கில் ஓடிக்கொண்டிருக்கும். மிடஸோலாமையும் அல்பிரஸோலாமையும் உடைத்து வெளியேற்றும் கல்லீரல் நொதியை இவை முடக்கிவிடும். முந்தைய முறை 2 மி.கி.யில் சுகமாக எழுந்தவர், இம்முறை அதே 2 மி.கி.யில் மணிக்கணக்கில் தூங்குவார். லோரஸெபாம் வேறு வழியில் வெளியேறுவதால் இந்தத் தொல்லை அதற்கு இல்லை.

இரண்டாவது, நெஞ்சுக்குள் கட்டி. லிம்ஃபோமா என்ற நிணநீர்ப் புற்றுநோயிலும் சிலவகை ரத்தப் புற்றுநோய்களிலும் இதயத்துக்கு மேலே, மூச்சுக்குழாயை ஒட்டி நிணநீர்க் கட்டிகள் வளர்ந்திருக்கலாம். விழித்து உட்கார்ந்திருக்கும்வரை தசைகள் குழாயைத் திறந்து பிடித்திருக்கும். படுக்க வைத்து மயக்கம் கொடுத்தால் தசைகள் தளர்ந்து கட்டி குழாயை நசுக்கிவிடும். குழாய் போட்டாலும் காற்று இறங்காத நிலை வரலாம். மயக்கவியல் மருத்துவர்கள் மிகவும் அஞ்சும் நிலைகளில் இது ஒன்று. மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டுகிறது, முகம் வீங்குகிறது என்று நோயாளி சொன்னால், எக்ஸ்ரே பார்க்காமல் எந்த மயக்கமும் கிடையாது. இவர்களுக்கு மரப்பு ஊசி மட்டும் போட்டு, பக்கவாட்டில் படுக்க வைத்து எடுப்பதே வழி.

மூன்றாவது, சிரிப்பு வாயு. நைட்ரஸ் ஆக்சைடும் ஆக்சிஜனும் சரிபாதி கலந்த எண்டோனாக்ஸை நோயாளியே வாய்க்குழாய் வழியாக உறிஞ்சுவது பிரிட்டனில் இந்தப் பரிசோதனைக்கு நன்கு பழகிய முறை. நம் ஊரில் சில பிரசவ அறைகளில் பார்க்கலாம். நல்ல முறைதான். ஓரிரு நிமிடத்தில் வேலை செய்யும், நிறுத்திய சில நிமிடங்களில் தெளிந்துவிடும், கை தளர்ந்தால் குழாய் தானே நழுவிவிடும். எலும்பைத் துளைக்கும்போது தொடங்கினால் தாமதம். ஒரு நிமிடம் முன்பே ஆழ்ந்து இழுக்கத் தொடங்க வேண்டும். ஆனால் இந்த வாயு உடலில் உள்ள பி12 வைட்டமினைச் செயலிழக்கச் செய்கிறது. எல்லா அணுக்களும் குறைந்து, ஏன் என்று பார்க்க மேரோவுக்கு அனுப்பப்படுபவர்களில் ஒரு பகுதியினருக்குக் காரணமே பி12 குறைபாடுதான். ஏற்கனவே அடிமட்டத்தில் இருப்பவருக்கு இந்த வாயு நரம்புப் பாதிப்பைக் கிளப்பிவிடலாம். ஆகவே பி12 அளவு தெரியாமல் இதைத் தொடக் கூடாது. மெத்தோட்ரெக்ஸேட் என்ற புற்றுநோய் மருந்து ஓடும் நோயாளிகளிலும் பி12 வேலை செய்யும் இதே பாதை அடைபடுவதால் எச்சரிக்கை தேவை.

குறட்டையோடு தூக்கத்தில் மூச்சுத் தடைபடுபவர்கள், நுரையீரல் நோயாளிகள், ஹீமோகுளோபின் 5, 6 என்று இருப்பவர்கள் ஆகியோருக்கும் மயக்கத்தின் அளவு குறையும் அல்லது மயக்கமே இராது.

தட்டணுக்கள் குறைவு என்பது பரிசோதனைக்கே தடையில்லை என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். அழுத்திப் பிடிக்கக்கூடிய இடம் என்பதால் மிகக் குறைந்த எண்ணிக்கையிலும் எடுக்கிறார்கள். தட்டணுக் குறைவைவிட, ரத்தம் உறையும் காரணிகளில் கோளாறும் ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரைகளும்தான் அதிகக் கவலை. பிரிட்டனில் 1995 முதல் 2001 வரையிலான சுமார் 55,000 பரிசோதனைகளைத் திரட்டிப் பார்த்ததில் பதிவான பெரிய சிக்கல்கள் 26. அவற்றில் அதிகம் ரத்தக்கசிவுதான். இந்த எண்ணை நோயாளியிடம் சொல்வது எந்த ஆறுதல் வார்த்தையையும்விட நன்றாக வேலை செய்யும்.

குழந்தைகளுக்கு

இங்கே கணக்கு வேறு. குழந்தையைப் பிடித்து அமுக்கி எடுப்பதை இன்று யாரும் ஏற்பதில்லை. கெட்டமினோ புரபோஃபாலோ கொடுத்து முழுமையாகத் தூங்க வைப்பது வழக்கம். அதை மயக்கவியல் மருத்துவரோ அதற்கெனப் பயிற்சி பெற்றவரோ செய்ய வேண்டும். கெட்டமின் நரம்பில் கிலோவுக்கு 1 முதல் 2 மி.கி.; ஒரு நிமிடத்தில் குழந்தையின் கண் திறந்தபடியே பார்வை நிலைகுத்தி நிற்கும். தாய்மார்கள் இதைப் பார்த்து அலறிவிடுவார்கள் என்பதால் முன்பே சொல்லிவிட வேண்டும். எழும்போது வாந்தி வரலாம், கொஞ்சம் பிதற்றலாம். மயக்கத்தில் இருந்தாலும் மரப்பு ஊசியும் போட வேண்டும். எழுந்த பிறகு வலிக்காமல் இருக்கும், மயக்க மருந்தும் குறைவாகப் போதும். “ஊசியே இல்லடா கண்ணு” என்று பொய் சொல்லிக் கூட்டி வராதீர்கள். “தூங்க வைப்பாங்க, எழுந்ததும் இடுப்புல ஒரு பிளாஸ்திரி இருக்கும், கொஞ்சம் நோவும்” என்றால் போதும். வரிசையில் முதல் ஆளாகக் குழந்தையை எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். பட்டினி நேரம் குறையும்.

அந்த நாள்

பட்டினி விதி: மயக்க மருந்து உண்டென்றால் திட உணவு ஆறு மணி நேரத்துக்கு முன், தாய்ப்பால் நான்கு மணி, தெளிந்த நீர் இரண்டு மணி. பால் விட்ட காபி தெளிந்த நீரில் சேராது. ஆறு மணிக் கணக்கில்தான் வரும். “ஒரு வாய் காபிதான் டாக்டர்” என்பதால் தள்ளிப்போன பரிசோதனைகள் ஏராளம். மரப்பு ஊசி மட்டும் என்றால் பட்டினி அவசியமில்லை. இரண்டு இட்லி சாப்பிட்டு வருவதே நல்லது. வெறும் வயிற்றோடு பயமும் சேர்ந்தால் நாடி இறங்கி, வியர்த்து, கண் இருட்டும். சர்க்கரை மாத்திரை போட்டுவிட்டுப் பட்டினி கிடப்பவரின் நடுக்கத்தைப் பயம் என்று எண்ணி மாத்திரை கொடுத்துவிடும் அபாயமும் உண்டு. குளுக்கோமீட்டரில் ஒரு சொட்டு பார்த்தால் தெரிந்துவிடும். ரத்தம் உறையாமைக்கான மாத்திரைகளை, குறிப்பாக ஸ்டென்ட் வைத்தவர்கள், தாமாக நிறுத்தவும் கூடாது, சொல்லாமல் இருக்கவும் கூடாது.

படுக்கை நிலை: பக்கவாட்டில் முழங்கால்களை நெஞ்சோடு மடக்கி, தலையணையைக் கட்டிக்கொண்டு. ஊசி எதையும் பார்க்க வேண்டியிருக்காது. முகம் இருக்கும் பக்கம் ஒருவர் உட்கார்ந்து பேச்சுக் கொடுப்பது சிறந்த மருந்து. நோயாளியின் ஊர், பயிர், பேரப்பிள்ளை என எதுவாகவும் இருக்கலாம். பாட்டுக் கேட்கலாம், ஆனால் ஒரு காதில் மட்டும்; டாக்டரின் குரல் கேட்க வேண்டும். உறிஞ்சுவதற்கு முன் டாக்டர், “இப்ப காலுக்கு இழுக்கும், பத்து எண்ணறதுக்குள்ள விட்டுரும்” என்று சொல்லி, உரக்க எண்ண வேண்டும். நோயாளி அந்த நேரம் மூச்சைப் பிடிக்காமல் வாய்வழியே நீளமாக ஊதிக்கொண்டிருந்தால் இடுப்புத் தசை இறுகாது. கையை உயர்த்தினால் நிறுத்துவோம் என்று முன்பே பேசிவைத்தால், பெரும்பாலானோர் கையை உயர்த்துவதே இல்லை.

சில சமயம் இழுத்தாலும் ஒன்றும் வராது. மஜ்ஜையில் நார் கட்டியிருந்தாலோ நெருக்கமாக அணுக்கள் அடைத்திருந்தாலோ இப்படி நடக்கும். இது டாக்டரின் தவறல்ல, ஆனால் இரண்டாவது, மூன்றாவது முறை இழுக்க நேரும். அந்த இடத்தில் நிறுத்தி, “திரும்ப ஒருமுறை பார்க்கணும்” என்று சொல்லி, தேவைப்பட்டால் மரப்பு மருந்தைக் கூட்டிவிட்டுத் தொடர வேண்டும். சொல்லாமல் தொடர்ந்தால் நோயாளி மனதில் “என்னவோ தப்பாயிடுச்சு” என்ற எண்ணம்தான் ஓடும்.

முடிந்ததும் ஐந்து நிமிடம் அழுத்திப் பிடித்துக் கட்டுப் போட்டு, மல்லாந்து படுத்துத் தன் எடையாலேயே அந்த இடத்தை அழுத்தியபடி 15 முதல் 30 நிமிடம். தட்டணு குறைந்தவர்களுக்கு இன்னும் அதிக நேரம். கட்டு 24 மணி நேரம் நனையக் கூடாது. நோவுக்கு பாராசிட்டமால் போதும்; ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக் வேண்டாம். வெள்ளையணு குறைந்தவர்கள் பாராசிட்டமால் போடும் முன் வெப்பமானியில் பார்த்துவிட வேண்டும். மாத்திரை காய்ச்சலை மறைத்துவிடும். 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டாலோ, கட்டு நனைந்து ரத்தம் ஊறினாலோ, இடுப்பு வலி நாளுக்கு நாள் கூடிக் கால் மரத்தாலோ உடனே வர வேண்டும். மயக்க மருந்து போட்டவர்கள் துணையோடுதான் வீடு திரும்ப வேண்டும். 24 மணி நேரம் வண்டி ஓட்டக் கூடாது, பத்திரங்களில் கையெழுத்தும் கூடாது.

ரிசல்ட் எப்போது வரும் என்பதையும் அன்றே சொல்லிவிட வேண்டும். ஸ்லைடு ஓரிரு நாளில். எலும்புத் துண்டின் சுண்ணாம்பை நீக்கி மெலிதாகச் சீவ வேண்டியிருப்பதால் ஒரு வாரம் வரை. குரோமோசோம் பரிசோதனைக்கு இரண்டு மூன்று வாரம். இது தெரியாதவர்கள் மூன்றாம் நாள் போன் வராததை வைத்தே பெரிய நோய் என்று முடிவுகட்டிவிடுவார்கள். வீட்டில் நோயாளிக்குத் தெரியாமல் மகனிடம் மட்டும் ரகசியமாகச் சொல்லும் பழக்கம் இந்தப் பயத்தை ஊதிப் பெரிதாக்குகிறது. கதவுக்கு வெளியே கிசுகிசுத்துவிட்டு உள்ளே வந்து சிரிப்பவர்களை நோயாளி கவனிக்காமல் இருப்பதில்லை.

கடைசியாக ஒரு சின்னக் காகித வேலை. எந்த மருந்து, எத்தனை மி.கி., மரப்பு எத்தனை மி.லி., பத்துக்கு எவ்வளவு வலித்தது, எவ்வளவு நேரத்தில் தெளிந்தார் என்ற ஐந்தையும் டிஸ்சார்ஜ் தாளிலோ பைலின் உள் அட்டையிலோ எழுதச் சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள். ரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சையில் முதல் சுற்று முடிந்து சில வாரங்களில் மறுபடி மேரோ எடுப்பார்கள். அப்போது அறையில் இருப்பது வேறொரு டாக்டராக இருக்கலாம்.